பேட்டரி மாற்றிய காருக்கு அரை மணி நேரம்

சர்வீஸ் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். கோபமாக வருபவரை எப்படி உட்கார வைப்பது, போனில் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு காரின் கதைதான். இருபத்தாறு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தேன். நல்ல நாள்களும் இருந்தன. அவற்றைச் சொல்வதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை எங்கள் லைனையே மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்துவிட்டு ஜார்ஜ்டவுனில் ஒரு கார் பட்டறையின் கவுண்டரில் சேர்ந்தேன். வருகிறவரின் குறையைக் கேட்டு ஜாப் கார்டு எழுதுவது, மெக்கானிக்கிடம் கொடுப்பது, வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுப்பது. இதுதான் என் வேலை. கார்டின் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'ஓட்டிப் பார்த்தது' என்ற கட்டத்தில் மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். 'ஒப்படைத்தது' என்ற கட்டத்தில் நான் போட வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்களிடம் வந்த கார்களில், நாங்கள் சொல்வதுபோலச் சொன்னால் காடிகளில், பாதி கார்புரேட்டர் வண்டிகள். மீதி, கம்ப்யூட்டர் வைத்த இஞ்செக்ஷன் வண்டிகள். கம்ப்யூட்டர் வண்டியென்றால் குணா அண்ணனிடம்தான் போகும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து ஃபெரி ஏறி வேலைக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். எங்கள் பட்டறையில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை வந்தவர் ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், எழுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் பேனா, மடித்த கைக்குட்டை. எங்களுக்குப் பழக்கமான வாடிக்கையாளர். ஐந்து வருஷமாக அதே ஆட்டோ கியர் வண்டியைத்தான் ஓட்டிவந்தார். பேட்டரி செத்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் வயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார் என்றார். புதுப் பேட்டரி போட்டுத் தரவேண்டும். கோலாலம்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்த மனைவி இரண்டு மணி ரயிலில் அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு வருகிறார். அழைத்து வரப் போகவேண்டும்.

"பேட்டரிதானே சார், சட்டுனு முடிச்சிடலாம்" என்றேன்.

முடியவில்லை. அந்த அளவு பேட்டரி எங்கள் ஸ்டோரில் இல்லை. அக்கரையில் ஜுருவிலிருந்து வரவழைத்தோம். பழைய பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதியதைப் போட்டு முடித்தபோது பன்னிரண்டே முக்கால். சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடையை மூடிவிடுவோம். மேனேஜர் அப்போதே கிளம்பிப் போயிருந்தார். பெரியவர் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குணா அண்ணன் கையைத் துடைத்தபடி உள்ளே வந்து சாவியை என்னிடம் கொடுத்தார்.

"வசந்தா, இப்ப குடுக்காதமா. அரை மணி நேரம் வேணும்."

"ஏன்ணே, பேட்டரி போட்டாச்சுதானே?"

"போட்டாச்சு. ஆனா கால் எடுத்தா காடி ஐட்லிங் விழுது. பேட்டரி ரொம்ப நேரம் வெளியில இருந்திச்சு, கம்ப்யூட்டர் படிச்சு வச்சதெல்லாம் போயிருச்சு. சூடாக்கி, ஏர்கோன் போட்டு, ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டினாத்தான் திரும்பப் படிக்கும். அரை மணி நேரம்லா. அவருகிட்ட சொல்லு."

அவர் சொன்னது இன்று உங்களுக்குப் பாலபாடம். அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடி ஓடிக் காற்று போகும் வழியில் கரி படிகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் எஞ்சினுக்குப் போகும் காற்று குறைகிறது. கம்ப்யூட்டர் அதைக் கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் காற்றைத் திறந்துவிட்டு ஈடுகட்டுகிறது. ஐந்து வருஷமாகச் சேர்த்த அந்தக் கணக்கு பேட்டரியைக் கழற்றியதும் அழிந்துவிடும். புதிய காருக்கு எவ்வளவு காற்று போதுமோ அவ்வளவுதான் திறக்கும். கரியோ அப்படியே இருக்கிறது. அதனால் காலை எடுத்ததும், அதுவும் ஏர்கோன் ஓடும்போது, எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடலாம். நின்று, கிளம்பி, ஓடித்தான் அது மறுபடி கற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மெக்கானிக்காக இருக்க வேண்டும். குணா அண்ணன் கேட்டது அதைத்தான்.

நான் பெரியவரிடம் போய், "இன்னும் அரை மணி நேரம் ஆகும் சார்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "பிள்ளை, ரெண்டு மணிக்கு ரயில் வந்திடும். அவவுக்குக் கண் சரியாத் தெரியாது. ஸ்டேசனிலை தனிய நிக்க மாட்டா. காடி ஸ்டார்ட் ஆகுதுதானே?"

"ஆகுது சார்."

"அப்ப திங்கக்கிழமை கொண்டுவந்து விடுறன். மிச்சத்தைப் பாருங்கோவன்."

அரை மணி நேரம் கொடுத்தால் ஒன்றேகால் ஆகும். ஃபெரிக்கு வரிசையில் நின்றால் ரயிலைத் தவறவிட வாய்ப்புண்டு. அவரை டாக்சியில் அனுப்பியிருக்கலாம். நானே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அந்த அம்மாவை உட்கார வைக்கச் சொல்லியிருக்கலாம். குணா அண்ணனையே ஓட்டச் சொல்லி அவரோடு ஃபெரியில் அனுப்பியிருக்கலாம். அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியும் அதுதான். இத்தனை வழிகளும் எனக்குத் தோன்றின. அன்றைக்கு அல்ல, பிறகு. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவர் நல்ல மனிதர், பாவம், போகட்டும்.

சாவியைக் கொடுத்தேன். மேனேஜர் சொல்லவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. நான்தான் கொடுத்தேன். 'ஓட்டிப் பார்த்தது' கட்டம் காலியாக இருந்தது. 'ஒப்படைத்தது' கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். குணா அண்ணன் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது கார் இல்லை.

"என்னமா இது?" என்று மட்டும் கேட்டார்.

ஃபெரித் துறையில் கார்கள் ஏறும் சரிவுப் பாலம் இருக்கிறதல்லவா, அங்கே நடந்தது. வெயில், ஏர்கோன் முழு வேகத்தில். முன்னால் போன கார் நின்றதால் பெரியவரும் நின்றார். எஞ்சின் அணைந்தது. ஆட்டோ கியர் வண்டியில் எஞ்சின் நின்றுவிட்டால் கியர் பிடிக்காது. இரண்டு தடவை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். எழுபது வயதுக் கால். வண்டி பின்னால் உருண்டது. கார்களுக்கு நடுவே புகுந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் இருந்தது. அக்கரையில் பிறை என்ற ஊரில் மத்தியான ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர். காருக்கும் பாலத்தின் கம்பிக்கும் நடுவில் அவர் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

திங்கட்கிழமை காலை ஃபெரித் துறையில் வேலை செய்யும் ஒருவர் ஆயில் மாற்ற வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். காரின் நிறத்தைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல ஆசைதான். அழவில்லை. கார்டில் என்ன எழுதியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். பெரியவரின் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்துவிட்டார். போலீஸ் காரை விடுவித்ததும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் நான்கு நாள் அதையே ஓட்டினார். ஐந்தாம் நாள் எங்களிடம் கொண்டுவந்தார். காரில் குறை ஏதும் உண்டா என்று பார்த்து எழுதித் தரவேண்டும், போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் வேண்டும் என்றார்.

குணா அண்ணன் காரைக் கிளப்பினார். எஞ்சின் வேகம் காட்டும் முள் ஆடாமல் நின்றது. ஏர்கோன் போட்டார், விளக்கைப் போட்டார், கியரில் போட்டு பிரேக்கை மிதித்தார். எஞ்சின் அசையவில்லை. நான்கு நாள் ஓட்டத்தில் அந்தக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொண்டுவிட்டது. பாலத்தின் மேல் பெரியவருக்கு என்ன நடந்ததோ, அதன் சுவடே இல்லை.

"நாலு நாள் நான் ஓட்டினேன், ஒண்ணும் இல்ல" என்றார் மகன். "ஃபர்ஸ்ட் நாள் மட்டும் டிராபிக் லைட்ல ரெண்டு தடவ ஆஃப் ஆச்சு. எனக்குப் பழக்கம் இல்லாத காடி, அதனாலன்னு நெனச்சேன். அப்புறம் ஓகே. அப்பாவுக்கு வயசாயிருச்சு. கியர மாத்திப் போட்டு, பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சிருக்கார். சொன்னா ஒத்துக்கமாட்டேங்கறார்."

குணா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தொலைபேசியை எடுத்து யாருக்கோ பேசுவதுபோல நடித்தேன்.

மகன் போனதும் அண்ணன் ஒரு காரியம் செய்தார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து மாட்டினார். மேனேஜரையும் என்னையும் கூப்பிட்டார். காரைச் சூடாக்கி, ஏர்கோனைப் போட்டு, கியரில் தள்ளி, பிரேக்கில் காலை வைத்தார். முள் மெல்ல இறங்கியது. கார் ஒரு தடவை நடுங்கியது. அணைந்தது.

மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது.

"இதான் சார் நடந்திருக்கு" என்றார். "அவரு மேல தப்பு இல்ல. நம்ம மேலதான்."

மேனேஜர் வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத வேற யாருக்காச்சும் காட்டினியா?"

"இல்ல சார்."

"சரி. திரும்ப ஓட்டி சரி பண்ணி வை. நாளைக்குக் காடியக் குடுத்திடலாம்."

"சார், அந்தப் பெரியவரு..."

"குணா, கால் ஒடஞ்ச அந்த மோட்டார்க்காரன் நம்ம மேல கேஸ் போட்டா இந்தக் கடை இருக்காது. பதினாறு பேரு வேல செய்யறாங்க. அவரு ஓட்டினது, அவரு இன்சூரன்ஸ் பாத்துக்கும். அவ்ளோதான்."

அலுவலகத்துக்குள் என்னைக் கூப்பிட்டு ஒரு புதிய ஜாப் கார்டை முன்னால் வைத்தார். 'ஓட்டிப் பார்த்தது, ஐட்லிங் சரி' என்று எழுதச் சொன்னார். அந்தக் கட்டத்தில் குணா அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டதால் மேனேஜரே போட்டார். மற்றதெல்லாம் நான் எழுதியது. என் எழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

அவர் என்னை மிரட்டினார் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். மிரட்டவில்லை. "உனக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன், சாவி குடுத்தது நீதானே" என்றார். அது போதுமாக இருந்தது. ஏழு மாதம் வேலை இல்லாமல் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் சாப்பிட்டது எனக்கு மறக்கவில்லை. பழைய கார்டை நான்தான் கிழித்துப் போட்டேன்.

குணா அண்ணன் அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். ஸ்பானர்களைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, கோபமா?" என்று கேட்டேன்.

"கோபம் இல்லமா. நான் அன்னிக்கு சாவிய என் பாக்கெட்லயே வச்சிருந்திருக்கணும். உன்கிட்ட குடுத்தது என் தப்பு" என்றார்.

திட்டியிருக்கலாம். அதன் பிறகு ஜுருவில் ஒரு பட்டறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்த்ததில்லை.

அந்தக் கார்டை எழுதி இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் பஸ்ஸில் வந்தார். கூடவே அவர் மனைவி, கையைப் பிடித்துக்கொண்டு. பாலத்தில் விபத்து நடந்த அன்று பட்டர்வொர்த் ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மாதான். பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டுப் பெரியவர் கவுண்டருக்கு வந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. முகம்தான் சிறுத்துப் போயிருந்தது.

"பிள்ளை, நான் சண்டைக்கு வரேல்லை. ஒண்டு மட்டும் கேக்க வந்தனான். நான் பிரேக்கைத்தான் மிதிச்சனான். அது எனக்கு நல்ல ஞாபகம். காடி தானா நிண்டது. ஆனா எல்லாரும் நான் பிழையா மிதிச்சனெண்டு சொல்லினம். மகனும் சொல்லுறான். இப்ப எனக்கே விளங்கேல்லை. காடியிலை ஏதும் பிழை இருந்ததோ? உண்மையைச் சொல்லும். காடியிலை பிழையில்லை எண்டா, சரி, என்ர தலையிலைதான் பிழை. நான் ஏற்றுக்கொள்ளுறன்."

அவர் கேட்டது பணம் இல்லை, கடிதம் இல்லை. தன் ஞாபகம் சரிதானா என்று கேட்டார். கவுண்டரில் அப்போது வேறு யாரும் இல்லை. மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"காடியில ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "நல்லா செக் பண்ணிட்டோம்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பெஞ்சிலிருந்து அந்த அம்மா, "நான் சொன்னனான்தானே, இனி காடி வேண்டாம், வாங்கோ" என்றார். குரலில் கோபம் இருந்தது. பெரியவர் திரும்பி என்னிடம் "நன்றி பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் கார் ஓட்டவில்லை. மகன் அதை விற்றுவிட்டார். நானோ முன்னேறினேன். கவுண்டருக்கே பொறுப்பாளரானதும் ஒரு விதி கொண்டுவந்தேன். பேட்டரி கழற்றிய எந்தக் காரும் மெக்கானிக் அரை மணி நேரம் ஓட்டிக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது. கரியைச் சுத்தம் செய்யாமல் பேட்டரியைக் கழற்றக் கூடாது. கையெழுத்து இல்லையென்றால் சாவி என் மேசைக்கே வரக்கூடாது. நல்ல விதி. ஆண்டு விருந்தில் அதற்காக எனக்கு மேடையில் கைதட்டினார்கள். நீங்கள் இன்று கையெழுத்துப் போடும் கார்டில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டம் அப்படி வந்ததுதான்.

விதியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அன்றைக்கும் விதி தெரியும். காலியான கட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். முன்னால் நிற்பவர் பாவமாக இருந்தார், அவ்வளவுதான். அவசரத்தில் நிற்பவரிடம் "முடியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தை நான் இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தவறு அதுதான். அதை மன்னிக்கலாம், எல்லோரும் செய்வது. மூன்று வாரம் கழித்து, நிதானமாக, தெரிந்தே சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதற்கு எந்தக் கட்டத்தையும் அச்சடிக்க முடியாது.

நான்கு வருஷம் கழித்து, தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தலில் அந்த அம்மாவின் படத்தைப் பார்த்தேன். மேனேஜர் அதற்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார். இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. காரியங்கள் முடியட்டும் என்று ஒரு மாதம் பொறுத்து, கிரீன் லேன் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

பெரியவர் முன்வாசலில் நாற்காலியில் இருந்தார். கார் நிறுத்தும் இடத்தில் பூந்தொட்டிகள். என்னை அடையாளம் தெரியவில்லை. பட்டறைப் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, அரை மணி நேரம், குணா அண்ணன் காட்டியது, கிழித்த கார்டு. கம்ப்யூட்டர் எப்படி மறக்கிறது, எப்படிக் கற்றுக்கொள்கிறது என்றுகூட விளக்கினேன். 

முடித்ததும் அவர் தொட்டிகளைப் பார்த்தார்.

"அப்ப நான் பிரேக்கைத்தான் மிதிச்சனான்."

"ஆமா சார்."

"அண்டைக்கு நான் வந்து கேக்கேக்கை, உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் சார்."

"அவவும் அண்டைக்கு அந்த பெஞ்சிலை இருந்தவ." குரல் உயரவில்லை. "நாலு வருசம் என்னோடை ரோட்டைக் கடக்கக்கூடப் பயந்தவ. இப்ப நான் இதை ஆருக்குச் சொல்லுறது?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கால் முறிஞ்ச மனுசனுக்குச் சொன்னனீரோ?"

"இல்ல சார்."

அவர் எழுந்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையை அசைத்தார். வீட்டுக்குள் போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"கேற்றைச் சாத்திப்போட்டுப் போம்."

வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். கால் முறிந்த அந்த ஆள் பிறையில் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும். பெரியவரின் மகன் கொண்டுவந்த போலீஸ் காகிதத்தில் பெயரும் இருந்தது, முகவரியும் இருந்தது. நான் இன்றுவரை போகவில்லை.